குறைத்து எண்ணப்பட்டவர்கள்

போராலும் வெள்ளத்தாலும் கடலாலும் ஊரைவிட்டு எழுப்பப்பட்டவர்களைப் பதிவதும், அவர்கள் போகும் இடமெல்லாம் அந்தப் பதிவைக் கூடவே கொண்டுபோவதும்தான் என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் எவரும் கேட்கிற முதல் கேள்வி, எண் சரியா என்பது. இடப்பெயர்வின் நடுவில் சரியான எண் என்று ஒன்று கிடைப்பதில்லை. சனம் நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த கணக்கு மறுநாளே பழசாகிவிடும். ஆகவே நான் கேட்கிற கேள்வி வேறு: எண் எந்தப் பக்கமாகத் தவறியிருக்கிறது, அந்தத் தவறை யார் சுமக்கிறார்கள்? ஆயிரம் பேரைக் கூட்டி எழுதினால் ஆயிரம் பங்கு மாவும் பருப்பும் கூடுதலாகப் போகும். ஆயிரம் பேரைக் குறைத்து எழுதினால் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு இல்லை, மருந்து இல்லை. பிறகொரு நாள் அவர்கள் காணாமற்போனால், இருந்தார்கள் என்பதற்கே சான்று இல்லை. இந்த இரண்டு பிழைகளும் ஒரே எடை உடையவை போல நடத்தப்படுவதை நான் ஏற்கவில்லை. சந்தேகம் வரும் இடத்தில் எங்கள் கை கூட்டி எழுதும் பக்கம் சாயவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடைமுறையோ நேர்மாறாக இருக்கிறது. கூட்டி எழுதிய அலுவலருக்குக் கணக்காய்வு வரும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். குறைத்து எழுதியவரை யாரும் விசாரிப்பதில்லை, ஏனென்றால் பட்டியலில் இல்லாதவர் கணக்காய்வாளர் முன்னால் வந்து நிற்க வழியில்லை.

இலங்கையில் இந்தக் கணக்கு கிராம சேவகரிடம் தொடங்குகிறது. அவருடைய பிரிவில் எத்தனை குடும்பம், எந்தக் குடும்பத்தில் எத்தனை தலை, யார் வெளிநாட்டில், யார் மணம் முடித்து வேறூர் போனவர் என்பதில் பாதி வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் இருக்கும், மீதி அவர் நினைவில் இருக்கும். சனம் எழும்பும்போது பெரும்பாலும் அவரும் எழும்புகிறார். பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ போய் ஒதுங்கியதும் பதிகிறார். அது பிரதேச செயலகத்துக்குப் போகிறது, அங்கிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போய் மாவட்டத் தொகையாகிறது. இந்த வழியில் எண் எங்கே கூடும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. முகாமிலும் பதிந்து உறவினர் ஊரிலும் பதிவார்கள். இறந்த கிழவரின் பெயர் அட்டையில் நிற்கும். பிரான்சுக்குப் போன மகன் இன்னும் வீட்டில் இருப்பதாக இருக்கும். ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு அட்டை கேட்கும். இந்தக் கடைசிக் காரணத்தை மோசடி என்று எழுதுகிற அறிக்கைகளை நான் ஒப்புக்கொள்வதில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. மகள் மணம் முடித்ததும் தாயும் தகப்பனும் அதே வளவில் பின்பக்கம் ஒதுங்குகிறார்கள். வளவு ஒன்று, அடுப்பு இரண்டு. வழமையான நாளில் ஒரே அட்டை அவர்களுக்குப் போதும். வீடு போய், ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கூடாரம் என்று வரும்போது இரண்டு அடுப்புக்காரர் இரண்டு அட்டை கேட்பது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையின்படி நியாயமானதே.

எண் குறைவதற்கான காரணங்கள் வேறு வகையானவை. முகாமுக்கு வராமல் சகோதரி வீட்டு விறாந்தையில் படுத்திருப்பவர்களை முகாம் கணக்கு காணாது. அடையாள அட்டை எரிந்துபோனவர், பெயர் கொடுத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அஞ்சும் இளைஞர், மூன்று நாளுக்கொரு முறை இடம் மாறுகிறவர் எவரும் பதிவுக்கு வருவதில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில் பலவற்றுக்குக் காணிக்கான உறுதியோ பெர்மிட்டோ கிடையாது. காணியை வைத்து எழுதப்படும் பட்டியல்களில் அவர்கள் விழுந்துவிடுகிறார்கள். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கூடுதலாக எழுதப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் அட்டை இலக்கமும் இருக்கின்றன, ஆகவே தேடிப் பிடித்து நீக்கலாம். விடுபட்டவருக்குத் தாளில் எந்தத் தடமும் இல்லை. முதற்பிழை தன்னைத் திருத்தும் வழியைத் தானே வைத்திருக்கிறது, இரண்டாவது வைத்திருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இது பெரிய அளவில் தெரிந்தது. ஐந்து லட்சம் அளவில் மக்கள் வீடிழந்து நின்றார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவும் உலர் உணவு அட்டையும் வந்தபோது பட்டியல்கள் வீங்கின. பத்திரிகைகள் எழுதின, நன்கொடையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் பட்டியல்கள் மீளாய்வு செய்யப்பட்டு இரட்டைப் பெயர்கள் நீக்கப்பட்டன. மறுபக்கத்தில், கடலிலிருந்து தெற்கில் 100 மீட்டர், வடக்குக் கிழக்கில் 200 மீட்டர் என்று அரசாங்கம் விதித்த தடை வலயத்துக்குள் வாடகைக்கு இருந்தவர்களும் உறுதியில்லாமல் குடியிருந்த கடற்தொழிலாளர்களும், வீட்டுச் சொந்தக்காரர்களை மட்டும் எண்ணிய பட்டியல்களுக்கு வெளியே நின்றார்கள். அவர்களைச் சேர்ப்பதற்கு ஒவ்வொரு குடும்பமாக மனுக் கொடுத்து அலையவேண்டியிருந்தது.

2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத்து லயன்களை மூடியபோது, புதையுண்டவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொல்லப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் தேயிலை மலையிலும் இருந்தது தெரியவர, அந்த எண் பல மடங்கு இறங்கியது. கூட்டிச் சொன்னதால் மண் அகழ அதிகம் பேர் வந்தார்கள், அவ்வளவுதான். உயிரோடு இருந்த எவருக்கும் அதனால் தீங்கு நேரவில்லை.

இனி வன்னிக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதத்தின் முழுப் பாரமும் அங்கேதான் நிற்கிறது. 1981க்குப் பிறகு 2012 வரை வடக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் எடுத்த கணக்கெடுப்பும் அங்கே முடிக்கப்படவில்லை. ஆகவே போரின் கடைசி ஆண்டில் அங்கே எத்தனை பேர் என்பதற்கு இருந்த ஒரே அடிப்படை கச்சேரிப் பதிவுகள். மன்னார்ப் பக்கத்திலிருந்து மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கித் தள்ளப்பட்ட சனத்தோடு கிராம சேவகர்களும் பிரதேச செயலாளர்களும் பெயர்ந்து, அந்தப் பதிவுகளைத் தொடர்ந்தார்கள். அரசாங்கத்தின் சம்பளம் பெற்ற அரசாங்க அலுவலர்கள் அவர்கள். 2008 செப்டெம்பர் நடுப்பகுதியில் அரசாங்கத்தின் பணிப்பின்படி ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. அதன்பின் வெளியாளின் கண் அங்கே மிகக் குறைவு. அந்த அக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 4,29,059 பேர் என்று கச்சேரிக் கணக்கு இருந்தது. 2009 ஜனவரி இறுதியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு சிக்கியிருப்போர் சுமார் இரண்டரை லட்சம் என்றது. பெப்ரவரியில் முல்லைத்தீவில் கடமையிலிருந்த மேலதிக அரசாங்க அதிபரின் கணக்கு சுமார் 3,30,000. அதே காலத்தில் கொழும்பு அதிகாரபூர்வமாகச் சொன்ன எண் ஏறத்தாழ 70,000.

அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் எந்த எண்ணை ஒட்டி இருந்தன என்பது எங்கள் தொழிலின் மிகக் கொடிய பக்கம். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு, போர் வலயத்துச் சனத்தொகை வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டது என்றும் உணவும் மருந்தும் மட்டுப்படுத்தப்பட அது வழியாயிற்று என்றும் 2011 மார்ச் அறிக்கையில் எழுதியது. இலங்கை அரசாங்கம் அந்த அறிக்கையை நிராகரித்தது. அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு எண்களை மட்டும் பார்த்தாலும் முடிவு மாறாது. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து பதிவானவர்கள் 2,82,380 என்று பின்னர் அரசாங்கத் தரப்பு எண்ணே இருந்தது. பெப்ரவரிக்கு முன்பே வெளியே வந்த சில பத்தாயிரம் பேரைக் கழித்தாலும், 70,000 என்று சொல்லப்பட்ட நாளில் உள்ளே இருந்து பின்னர் உயிரோடு வெளியே வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். உயிரோடு வந்தவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லாதவர்கள். அவர்கள் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு, இல்லாதவர்களாக எழுதப்பட்டு இருந்தார்கள்.

இதற்கு வரும் மறுப்பை இலேசாகத் தள்ளிவிடக்கூடாது. விடுதலைப்புலிகளின் ஆட்சிப் பகுதியில் எடுத்த கணக்கு அது, எண்ணைப் பெருக்கிக் காட்டுவதில் புலிகளுக்கு ஆதாயம் இருந்தது, கூடுதல் உணவு போராளிகளுக்குப் போகும், ஆகவே கச்சேரி எண்ணை நம்பமுடியாது என்பார்கள். ஆதாயம் இருந்தது உண்மை. மக்களை வெளியேற விடாமல் மறித்ததும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதும் அதே நிபுணர் குழு அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் குற்றத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. எண்ணைப் பற்றி மட்டும் பார்ப்போம். 4,29,059 என்பது மூன்றில் ஒரு பங்கு பொய்யாக ஊதப்பட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தால் மிஞ்சுவது 2,86,000 அளவு; பதிவானவர்களின் எண்ணும் கிட்டத்தட்ட அதுதான். அதாவது போரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்கிற நடக்கவே முடியாத கற்பனைக்கு இடம்கொடுத்தால்தான் கச்சேரிக் கணக்கில் அவ்வளவு பெரிய பிழையைக் காட்டமுடியும். அந்த உச்சப் பிழையிலும் அது கொழும்பு எண்ணைவிட உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது. சந்தேகத்துக்குரிய பதிவைச் சரிபார்க்கலாம், பாதியாக வெட்டலாம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு மேலிருந்து ஓர் எண்ணைச் சொல்வதற்கு அது நியாயமாகாது.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் கச்சேரிக் கணக்கான 4,29,059ஐயும் பதிவானவர்களின் எண்ணான 2,82,380ஐயும் வைத்து, வித்தியாசமான 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண் இறந்தவர்களின் தொகை என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது. அது இரண்டு பதிவுகளுக்கு இடையிலான இடைவெளி. இறந்தவர்கள், காணாமலாக்கப்பட்டவர்கள், பதியாமல் வெளியேறியவர்கள், கடல் கடந்தவர்கள், இரட்டைப் பெயர்கள் எல்லாம் அதற்குள் கலந்திருக்கின்றன. அதைச் சொல்வதாலேயே கேள்வியின் வலு குறைந்துவிடாது. ஐ.நா.வின் செயற்பாட்டை ஆராய்ந்த 2012 நவம்பர் உள்ளக அறிக்கை, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வராமல் இருக்கக்கூடும் என்று நம்பத்தக்க தகவல்கள் சுட்டுவதாகக் குறிப்பிட்டது. 2011இல் அரசாங்கம் வடக்கில் வீடுவீடாகச் சென்று, குடும்பத்தில் இறந்தவர் யார் என்று கேட்டு ஒரு கணக்கெடுத்தது. குடும்பத்தோடு அழிந்துபோன வீட்டில் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால், அந்த முறையும் கீழ்நோக்கியே தவறும்.

இன்றைக்குக் கிராம சேவகரும் தாளும் எதற்கு, கைத்தொலைபேசியும் செய்மதிப் படமும் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. இந்தக் கருவிகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்குப் பின் டிஜிசெல் நிறுவனத்தின் சுமார் 19 லட்சம் சிம் அட்டைகளின் இடமாற்றத்தைப் பார்த்து, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை விட்டு மாத இறுதிக்குள் ஏறத்தாழ 6,30,000 பேர் வெளியேறியிருந்தார்கள் என்று சுவீடன் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அவர்கள் பிறகு கண்டுபிடித்தது அதைவிட முக்கியம்: நத்தார், புதுவருடத்துக்கு எந்த ஊருக்குப் போனார்களோ, பெரும்பாலும் அந்த ஊருக்கே ஓடியிருந்தார்கள். இடம்பெயர்கிறவர் முதலில் தேடுவது உறவினர் வீட்டை என்பதும், முகாமை மட்டும் எண்ணினால் பெரும்பகுதி விடுபடும் என்பதும் இதனால் இன்னும் உறுதியாகின்றன. ஆனால் குழந்தையிடம் தொலைபேசி இல்லை. வன்னியின் கடைசி மாதங்களில் சாதாரண மக்களுக்கு அந்த வசதியே இல்லை. செய்மதி மேலிருந்து தறப்பாள்களைக் காட்டும், ஒரு தறப்பாளுக்குக் கீழே நான்கு பேரா பதினான்கு பேரா என்று காட்டாது; பதுங்குகுழிக்குள் இருப்பவரையும் காட்டாது. அந்தப் பெருக்கல் எண்ணைக் கொடுக்க மறுபடி கிராம சேவகரிடம்தான் வரவேண்டும்.

என்னை மிகவும் தயங்கவைக்கும் மறுப்பு இன்னொன்று. பெயர்ப் பட்டியல் ஒரு ஆயுதம், அதை எழுதாமலிருப்பதே மக்களுக்குப் பாதுகாப்பு என்பார்கள். பங்களாதேஷில் ரோஹிங்யா அகதிகளிடமிருந்து ஐ.நா. அகதிகள் முகவரகம் சேர்த்த விவரங்களிலிருந்து குறைந்தது 8,30,000 பேரின் பெயர்கள், அவர்களைத் துரத்திய அதே மியன்மார் அரசிடம் போய்ச் சேர்ந்ததை 2021 ஜூனில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளிக்கொணர்ந்தது. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், பிரிந்த குடும்பங்களைத் தேடுவதற்காக வைத்திருந்த 5,15,000க்கு மேற்பட்டோரின் விவரங்களை எட்டிவிட்டார்கள். பட்டியலைக் கண்டு ஒளிந்துகொள்வது என்னவென்று எங்கள் ஊர்களுக்கும் தெரியும். ஆகவே இந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் வேறுபடுகிறேன். பெயர் கீழே, அந்த மக்களுக்குப் பொறுப்பான அலுவலரிடம் இருக்கட்டும்; மேலே தொகை மட்டும் போகட்டும். உணவு அனுப்புகிறவருக்குப் பிரிவுவாரியாகத் தலைக்கணக்கும் வயதுக்கணக்கும் போதும், கைரேகை வேண்டாம். பெயர்களை மையத்தில் குவிக்கும் ஆசை கூட்டி எழுதுவதைப் பிடிக்கும் ஆசையிலிருந்து பிறந்தது. கூட்டி எழுதும் பிழை எவ்வளவு சிறியது என்று ஒப்புக்கொண்டால், அவ்வளவு பெரிய ஆபத்தை மக்கள் தலையில் ஏற்றத் தேவை வராது.

எண்ணத் தொடங்கும்போது நடக்கிற இதே குறைப்பு, எண்ணி முடிக்கும்போதும் நடக்கிறது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது இடம்பெயர்ந்தோர் முகாம் கணக்கு முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய காணியில் இராணுவம் இருந்ததால் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டு, மீள்குடியேறியவர்களாக எழுதப்பட்டார்கள். 2017இல் அவர்கள் காணிக்கு முன்னால் போராட உட்கார்ந்தபோது, கணக்கின்படி அவர்கள் இடம்பெயர்ந்தவர்களே அல்லர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழும்பியவர்களின் பிள்ளைகள் சுன்னாகத்திலும் கோணாப்புலத்திலும் முகாமில் பிறந்து முகாமிலேயே மணம் முடித்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் விடப்பட்டது 2017இல். அதே 1990 அக்டோபரில் புலிகளால் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் கால்நூற்றாண்டைத் தாண்டிவிட்டார்கள். 2008 ஏப்ரலுக்கு முன் எழும்பியவர்கள் பழையவர்கள், பின் எழும்பியவர்கள் புதியவர்கள் என்று நிர்வாகம் ஒரு கோடு கிழித்தபோது, இவர்கள் பழையவர்கள் வரிசையில் பின்னுக்குப் போனார்கள். மன்னாரில் பதிந்தால் புத்தளத்து நிவாரணம் நிற்கும், புத்தளத்தில் இருந்தால் மன்னாரில் வீடு இல்லை என்ற நிலையில் இரண்டு இடத்திலும் கால் வைத்த குடும்பத்தை இரட்டைப் பதிவு என்று வெட்டுவது, அந்தக் குடும்பத்தின் உண்மை நிலையை வெட்டுவதாகும்.

உலகத் தொகையிலும் இதே சாய்வு இருக்கிறது. ஜெனீவாவிலுள்ள உள்ளக இடப்பெயர்வுக் கண்காணிப்பு நிலையத்தின் கணக்கில் 2024 முடிவில் சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் 8 கோடியே 34 லட்சம். அந்த ஒரே ஆண்டில் இயற்கை அனர்த்தங்களால் நடந்த இடப்பெயர்வுகள் 4 கோடியே 58 லட்சம், ஆண்டு முடிவில் அனர்த்தத்தால் வீடு திரும்பாமல் இருந்ததாக எண்ணப்பட்டவர்களோ 98 லட்சம் மட்டும். நடுவில் உள்ள பெரும்பாலானோர் உண்மையாகவே வீடு திரும்பியிருப்பார்கள். ஆனால் புயல் ஓய்ந்து இரண்டாம் மாதத்தில் எந்த நாட்டில் யார் போய் எண்ணுகிறார்கள்? எண்ணாத இடத்தில் திரும்பிவிட்டார்கள் என்று கொள்ளும் வழக்கமே பல இடங்களில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பதிவேட்டில் ஒரு நிரல். ஒருவருடைய பெயரை நீக்கும்போது அதற்கான காரணமும் நாளும் அங்கே எழுதப்படவேண்டும்: இறந்தார், சொந்தக் காணிக்குத் திரும்பினார், வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார், நிவாரணம் நிறுத்தப்பட்டது, தெரியவில்லை. கடைசி மூன்று காரணங்களுக்காக எந்தப் பெயரையும் அடிக்கக்கூடாது. வன்னியைப் பொறுத்தவரை இது பின்னோக்கியும் செய்யக்கூடிய வேலை. 2008 கச்சேரிப் பதிவுகள் கிராம சேவகர் பிரிவுவாரியாக எழுதப்பட்டவை. 2009 முகாம் பதிவுகளில் ஒவ்வொருவருக்கும் சொந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது. பிரிவு பிரிவாக, பெயருக்குப் பெயர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரட்டைப் பெயர்களை முதலில் கழித்து, வெளிநாடு போனவர்களை உறவினரிடம் கேட்டுக் கழித்து வந்தால், அந்த 1,46,679இல் எஞ்சுவது யார் யார் என்று தெரியும். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குத் தகவல் கோரும் அதிகாரம் இருக்கிறது. அப்போது கடமையிலிருந்த கிராம சேவகர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பாதிக் கணக்கு அவர்கள் நினைவில் இருக்கிறது என்பதால், வேலையை அவர்களிடமிருந்து தொடங்கவேண்டும்.